முற்றல் என்று தட்டினால் சக்சஸ் என்று வருகிறதா? ஃபோர்மட் ஸ்ட்ரிங் ஓட்டையை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

ஹட்டன் பக்கத்தில் சிறு தோட்டக்காரர்களிடம் கொழுந்து வாங்கும் ஒரு சேகரிப்பு நிலையம். மின்தராசிலிருந்து ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினிக்கு எடை வரும், அதில் ஓடும் சி மொழிப் புரோகிராம் துண்டு அடித்து, லொக் என்ற பதிவு ஃபைலில் ஒரு வரி எழுதி வைக்கும். நிறுவை போடும் தம்பி ஒருநாள் பின்னேரம் கோல் எடுத்தார்.

"அண்ணே, மழ நாள்ல மட்டும் மிசின் செத்துப்போகுது."

மழை என்றதும் என் மூளை ஈரத்துக்குத்தான் போனது. பவர் அடாப்டரை மாற்றினேன். பெட்டியைத் திறந்து காயவைத்தேன். யூஎஸ்பி வயரையும் மாற்றினேன். இரண்டு நாள் வீண். மூன்றாம் நாள் அவரே சொன்னார்: "அண்ணே, மழ பெஞ்சாலும் கழிவு போடலேன்னா நிக்கமாட்டேங்குது."

அதுதான் நூல்முனை. மழை நாளில் கொழுந்து நனைந்திருக்கும், எடையில் ஒரு வீதம் கழிப்பார்கள், கழித்த காரணத்தைக் குறிப்புப் பெட்டியில் தட்டுவார்கள். தமிழ் விசைப்பலகை இல்லாததால் ஆங்கில எழுத்திலேயே "5% நனைவு" என்று தட்டியிருக்கிறார். அந்தக் குறிப்புதான் மிசினைக் கொன்றது. மழைக்கும் இதற்கும் வேறு உறவில்லை.

இதே நோய் பல முகத்தோடு வரும். உங்களுக்குத் தெரியும் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். கட்டளைகளை உச்சரிப்பின்படி எழுதியிருக்கிறேன்: %எஸ் என்றால் சதவீதக் குறியும் ஆங்கில எஸ் எழுத்தும், %என் என்றால் சதவீதக் குறியும் என் எழுத்தும். மெஷினில் தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்.

முதலில் நோய் என்ன என்று நாலு வரியில். பிரின்ட்எஃப் என்ற சி மொழி ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் முதல் வாக்கியம் வெறும் வாக்கியமல்ல, கட்டளைத் துண்டு; ஃபோர்மட் ஸ்ட்ரிங் என்பது அதைத்தான். "இங்கே ஒரு எண் போடு, அங்கே ஒரு சொல் போடு" என்பதை % குறியால் அதில் எழுதுவோம். பிரின்ட்எஃப்("%எஸ்", குறிப்பு) என்றால் "துண்டில் உள்ளதை அப்படியே எழுதிக்கொள்". பிரின்ட்எஃப்(குறிப்பு) என்றால் "துண்டில் உள்ளபடி செய்". கணக்கப்பிள்ளை எழுதிய குறிப்பை ஸ்டோர்க்காரர் உத்தரவாக எடுத்துக்கொண்டால் எப்படியிருக்கும்? அதேதான். குறிப்பில் % இருந்தால், கொடுக்கப்படாத மதிப்பைத் தேடி பிரின்ட்எஃப், ரெஜிஸ்டர், ஸ்டாக் என்ற தற்காலிக நினைவிடங்களில் கையை விட்டுத் துழாவும். அங்கே கிடக்கும் எதையாவது எடுத்து அச்சடிக்கும், அல்லது அதை முகவரியென நம்பிப் போய் விழும்.

அறிகுறி: தட்டாத எண்ணும் சொல்லும் லொக்கில் வருகின்றன

மிசின் சாகாமல் உளறினால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. தடயம் கையில் இருக்கிறது.

% குறிக்குப் பின் இடைவெளி விட்டாலும் தப்ப முடியாது. இடைவெளியும் ஒரு கொடிதான்: கூட்டல் எண்ணுக்கு முன்னால் இடம் விடு என்று பொருள். அதனால் "5% " என்பதற்கு அடுத்து வரும் சொல்லின் முதல் ஆங்கில எழுத்துதான் கட்டளை. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டும் நம் பழக்கத்தில் இது என்ன பாடு படுத்துகிறது என்று ஒரு மாத லொக்கை எடுத்து வைத்துப் பார்த்தேன்.

"இலை" என்று தொடங்கினால் முதல் எழுத்து ஐ: ஒரு முழு எண் வரும். "ஈரம்" என்றால் இ: தசம எண், அடுக்கு முறையில், 0.000000இ+00 மாதிரி. "பழுத்தது" என்றால் பி: ஒரு நினைவக முகவரி. "லொறி" என்றால் எல்லும் ஓவும் சேர்ந்து எட்டடிமான எண்ணாக நீளமாக ஓடும், மிச்சம் "றி" என்று வால் மட்டும் தெரியும். "சாக்கு" என்றால் எஸ்: எங்கிருந்தோ ஒரு சொல்லை எடுக்கப் போகும், பெரும்பாலும் அங்கேயே சாகும். "நனைவு" என்றால் என். அதைப் பிறகு பார்ப்போம். "கழிவு" என்றால் ஒன்றும் நடக்காது, கே என்ற எழுத்துக்கு அங்கே வேலையில்லை. ஜிலிப்சி, அதாவது லினக்ஸில் பிரின்ட்எஃப்பைத் தரும் சி நூலகம், அதை வந்தபடியே அச்சடித்துவிடும்.

இதில் எனக்குப் பிடித்தது "முற்றல்". எம் என்ற எழுத்து ஜிலிப்சியில் கடைசிப் பிழைச்செய்தியைக் குறிக்கும். பிழை எதுவும் நடக்காத நேரத்தில் அந்தச் செய்தி "சக்சஸ்". ஆக, "5% முற்றல்" என்று தட்டிய தம்பிக்கு லொக்கில் வந்தது "5சக்சஸ்உற்றல்". முற்றிய இலையைக் கொண்டுவந்தவருக்கு மிசின் வாழ்த்துச் சொல்கிறது என்று அங்கே சிரித்திருக்கிறார்கள். யாரும் அதைப் பிழையென்று என்னிடம் சொல்லவில்லை.

ஒரு விஷயம் கவனியுங்கள். யூனிகோட் தமிழில் "5% நனைவு" என்று தட்டினால் எதுவும் நடக்காது. தமிழ் எழுத்தின் பைட்டுகள் எந்தக் கட்டளையும் அல்ல. நான் என் மேசையில் தமிழில் தட்டித்தான் சோதித்திருந்தேன். அதனால்தான் எனக்கு எல்லாம் சரியாக ஓடியது.

உறுதிப்படுத்த: உங்கள் சொந்தப் பிரதியில், இணையத்தோடு சேராத இடத்தில், குறிப்புப் பெட்டியில் %பி %பி %பி என்று இடைவெளி விட்டுத் தட்டுங்கள். அதே எழுத்துகள் திரும்பி வந்தால் நோய் இல்லை. நீண்ட எண்கள் வந்தால் நோய் உறுதி. "(நில்)" என்று வந்தாலும் உறுதி. அது வெற்று முகவரிக்கு ஜிலிப்சி எழுதும் சொல், தமிழில் படித்தாலும் பொருத்தம்தான்.

வந்த எண்களை வீசாமல் படியுங்கள். 64 பிட் இன்டெல் வகை மெஷினில் பிரின்ட்எஃப் முதல் ஐந்து மதிப்பை ரெஜிஸ்டரிலிருந்து எடுக்கும், ஆறாவதிலிருந்து ஸ்டாக். 64 பிட் ஆர்ம் என்றால் முதல் ஏழு ரெஜிஸ்டர், எட்டாவதிலிருந்து ஸ்டாக். %பி-ஐப் பத்துப் பதினைந்து தடவை போட்டால் எங்காவது 7025207025207025 என்ற எண் தலைகாட்டலாம். அது வேறொன்றுமில்லை, நீங்கள் தட்டிய வாக்கியமே. பதினாறடிமானத்தில் 25 என்பது % குறி, 70 என்பது பி, 20 என்பது இடைவெளி. கடைசி பைட் முன்னே வரும் முறையில் அடுக்கியிருக்கிறது. அது தெரிந்தால் தாக்க வருபவருக்குக் கதவு முழுதாகத் திறந்த மாதிரி: தான் எழுதிய எண்ணையே முகவரியாகப் பயன்படுத்தச் சொல்லலாம். "சும்மா உளறுது, பிறகு பார்ப்போம்" என்று தள்ளிவைக்கும் ஆட்களுக்கு நான் இந்த எண்ணைத்தான் காட்டுவேன்.

அறிகுறி: "செக்மென்டேஷன் ஃபோல்ட்", அல்லது "%என் இன் ரைட்டபிள் செக்மென்ட் டிடெக்டெட்"

இரண்டும் ஒரே நோய். ஹட்டனிலிருந்த ராஸ்பெரி பையில் முதல் செய்தி வந்தது. என் உபுண்டு மடிக்கணினியில் அதே கோட், அதே குறிப்பு, ஆனால் நட்சத்திரக் குறிகளோடு இரண்டாவது செய்தி. உபுண்டுவின் கொம்பைலர் ஃபோர்ட்டிஃபை சோர்ஸ் என்ற காவலைத் தானாகவே போட்டுவிடும், டெபியன் வழி வந்த கொம்பைலரில் நீங்கள் கேட்டால்தான் போடும். வித்தியாசம் அவ்வளவுதான்.

%என் என்ன செய்கிறது? மற்றக் கட்டளைகள் எல்லாம் வாசிக்கும், இது ஒன்றுதான் எழுதும். இதுவரை எத்தனை எழுத்து அச்சானதோ அந்த எண்ணிக்கையைக் கொடுத்த முகவரியில் எழுதிவைக்கும். முகவரி கொடுக்கவில்லையென்றால் ரெஜிஸ்டரில் கிடப்பதையே முகவரியாக எடுத்துக்கொள்ளும். அச்சாகும் எழுத்தின் எண்ணிக்கையை அகலம் கொடுத்துக் கூட்டிக் குறைக்கலாம் என்பதால், விரும்பிய எண்ணை விரும்பிய இடத்தில் எழுத முடியும். வாசிக்கும் ஓட்டை ஆளும் ஓட்டையாக மாறுவது இந்த இடத்தில்தான்.

2000 ஜூனில் டபிள்யூயூ-எஃப்டிபிடி என்ற, ஃபைல் பரிமாறும் திறமூலச் சேவகனில் (சேர்வர்) சைட் எக்செக் கட்டளை வழியாக இதைத்தான் செய்து காட்டினார்கள். வெளியிலிருந்தே ரூட், அதாவது மெஷின் முழுவதையும் ஆளும் அதிகாரம் கிடைத்தது. 2001 ஜனவரியில் ராமென் என்ற புழு ரெட் ஹெட் லினக்ஸ் 6.2, 7.0 மெஷின்களில் பரவியது, அதே எஃப்டிபிடியோடு ஆர்பிசி.ஸ்டாட்டிடி, எல்பிஆர்என்ஜி என்ற இரண்டு சேவகன்களையும் வழியாக வைத்து. மூன்றுமே ஃபோர்மட் ஸ்ட்ரிங் ஓட்டைகள். பின்னிரண்டில் தவறு இருந்தது சிஸ்லொக் அழைப்பில், அதாவது லொக் எழுதும் இடத்தில். நம் கொழுந்துக் கதையும் அங்கேதான் முடியப்போகிறது.

செய்ய வேண்டியது: விழுந்த கணத்தின் நினைவகப் பிரதியான கோர் டம்ப்பை ஜிடிபி என்ற பிழைதேடும் கருவியில் திறந்து, அழைப்பு வரிசையைக் காட்டும் "பிடி" (பேக்ட்ரேஸ்) என்ற கட்டளையைக் கொடுங்கள். மேலே அபோர்ட், ஃபோர்ட்டிஃபை, விஎஃப்பிரின்ட்எஃப் என்று நூலகத்தின் உள் வரிகள் வரும், அவற்றைத் தாண்டி இறங்குங்கள். உங்கள் கோட்டில் அல்லது நீங்கள் சேர்த்த லைப்ரரியில் உள்ள முதல் ஃபங்ஷன் எதுவோ அதுதான் சந்தேக நபர். அந்த ஃபங்ஷனின் ஃபிரேமுக்குள் போய், ஃபோர்மட் இடத்தில் நின்ற வாக்கியத்தை அச்சடித்துப் பாருங்கள். பயனர் தட்டிய சொல் அதில் இருந்தால் வழக்கு முடிந்தது.

செய்யக் கூடாதது: செய்தி வருகிறதே என்று ஃபோர்ட்டிஃபை காவலைக் கழற்றுவது. கழற்றினால் மிசின் நிற்காமல் ஓடும்தான். தவறான இடத்தில் ஒரு எண்ணை எழுதிவிட்டு ஓடும். பிறகு சம்பந்தமே இல்லாத இடத்தில், ஒரு வாரம் கழித்து, யாருடைய எடையோ தப்பாக வரும். அதைத் தேடிப் பிடிப்பதைவிடத் தோட்டத்தில் தொலைத்த மோதிரத்தைத் தேடலாம்.

அறிகுறி: வரியின் கடைசியில் % வந்தால் மட்டும் வரி பாதியில் நிற்கிறது

"கழிவு 5%" என்று முடித்தால் % காணாமல் போவது, அல்லது அந்த வரியே லொக்கில் இல்லாமல் போவது. கட்டளை தொடங்கி முடியாததால் பிரின்ட்எஃப் -1 என்று திருப்பி அனுப்பிவிட்டுப் போகிறது. அந்த -1ஐ யாரும் பார்ப்பதில்லை. வைத்தியம் ஒன்றே.

அறிகுறி: நேற்றுவரை பில்ட் ஆனது, இன்று "ஃபோர்மட் நொட் எ ஸ்ட்ரிங் லிட்டரல் அண்ட் நோ ஃபோர்மட் ஆர்கியுமென்ட்ஸ்" என்று கொம்பைலர் நிற்கிறது

கோபப்பட வேண்டாம், கொம்பைலர் உங்கள் பக்கம்தான். டபிள்யூஃபோர்மட்-செக்யூரிட்டி என்ற எச்சரிக்கையை உங்கள் லினக்ஸ் டிஸ்ட்ரிபியூஷன் பிழையாக உயர்த்தியிருக்கும். ஃபெடோரா 21இலிருந்து அப்படித்தான். அல்லது நீங்கள் சேர்க்கும் லைப்ரரி புதுப்பிக்கப்பட்டிருக்கும். 2021இல், திரையில் எழுத உதவும் என்கர்சஸ் லைப்ரரியின் 6.3 வந்தபோது எம்விபிரின்ட்டபிள்யூ போன்ற ஃபங்ஷன்களும் பிரின்ட்எஃப் மாதிரிதான் என்று கொம்பைலருக்கு அறிவிக்கப்பட்டது. அதுவரை சத்தமில்லாமல் பில்ட் ஆன பல திறமூலப் புரோகிராம்கள் அன்றைக்கு நின்றன. ஓட்டை புதிதாக வரவில்லை, விளக்குத்தான் புதிதாக எரிந்தது.

திருத்தம் நாலு எழுத்து: வாக்கியத்துக்கு முன்னால் "%எஸ்" சேர்ப்பது. பிரின்ட்எஃப்பில் அது முதல் இடம், எஃப்பிரின்ட்எஃப்பிலும் சிஸ்லொக்கிலும் இரண்டாம் இடம், எஸ்என்பிரின்ட்எஃப்பில் மூன்றாம் இடம். அல்லது புட்ஸ் வகை ஃபங்ஷனுக்கு மாறுங்கள், அது கட்டளையே வாசிக்காது.

அறிகுறி: கொம்பைலர் வாயே திறக்கவில்லை, ஆனாலும் விழுகிறது

என் இரண்டாவது வாரம் முழுக்க இங்கேதான் போனது.

எங்கள் புரோகிராமில் அழைப்பு சுத்தமாக இருந்தது. லொக்_எழுது("%எஸ்", குறிப்பு) என்று சரியாகத்தான் எழுதியிருந்தேன். இரண்டு தடவை படித்தேன், மூன்றாம் தடவை சத்தம்போட்டுப் படித்தேன். தவறு எனக்குக் கீழே, நான் சேர்த்திருந்த சின்னத் திறமூல லொக் லைப்ரரியில் இருந்தது. பெயர் வேண்டாம். அங்கே நடந்தது இது: லொக்_எழுது ஃபங்ஷன் என் குறிப்பை ஒழுங்காக ஒரு பஃபரில் வடித்தது, முன்னால் திகதி நேரம் சேர்த்தது, பிறகு அந்தப் பஃபரை உள்ளே இருந்த இன்னொரு ஃபங்ஷனுக்குக் கொடுத்தது. அந்த இரண்டாவது ஃபங்ஷன் தனக்கு வந்ததைக் கட்டளைத் துண்டாகவே எடுத்துக்கொள்ளும் வகை. வடித்த தேயிலையை மறுபடி கொதிக்க வைத்த மாதிரி, ஒரே வாக்கியம் இரண்டு தடவை உள்ளே போகிறது. முதல் தடவை %எஸ் காப்பாற்றியது. இரண்டாம் தடவை குறிப்பே தலைமை ஏற்றது.

இந்த இரட்டை வடிப்புப் பெரிய இடங்களிலும் நடந்திருக்கிறது. உயர் அதிகாரத்தில் கட்டளை ஓட்ட உதவும் சுடோ என்ற புரோகிராமில் 1.8.0 முதல் 1.8.3பி1 வரை ஒரு டீபக் ஃபங்ஷன் இருந்தது. புரோகிராமின் பெயரையும் செய்தியையும் ஒட்டி ஒரு புதிய ஃபோர்மட் வாக்கியம் செய்து, அதை விஎஃப்பிரின்ட்எஃப்புக்குக் கொடுத்தது. புரோகிராமின் பெயர்தானே, யார் மாற்றப்போகிறார்கள்? சுடோவுக்கு %என் என்ற மாற்றுப் பெயரில் ஒரு சிம்லிங்க் போட்டு அதை டீபக் தெரிவோடு ஓட்டினால் போதும். 2012 ஜனவரியில் சிவிஇ-2012-0809 என்ற பாதுகாப்பு ஓட்டைப் பதிவெண்ணோடு வெளிவந்தது, 1.8.3பி2இல் திருத்தினார்கள். பிஎச்பி மொழியின் 7.0.0இலும் அதே சாயல்: இல்லாத வகுப்பின் பெயரைச் சேர்த்து ஒரு பிழைச்செய்தி வடிக்கப்படுகிறது, வடித்த செய்தி மறுபடி ஃபோர்மட்டாகப் போகிறது. சிவிஇ-2015-8617, திருத்தம் 7.0.1இல். இத்தனை கண்கள் பார்க்கும் கோட்டிலேயே தப்பியது என்றால், சின்ன லைப்ரரியை ஓய்வு நேரத்தில் தனியாகப் பராமரிக்கும் ஆளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கொம்பைலர் ஏன் பேசவில்லை? பிரின்ட்எஃப், சிஸ்லொக் போன்றவை அதற்குத் தெரியும். நீங்களோ லைப்ரரிக்காரரோ சொந்தமாக எழுதிய ஃபங்ஷன் பிரின்ட்எஃப் மாதிரி நடக்கும் என்று அதற்குத் தெரியாது, சொல்ல வேண்டும். ஹெடர் ஃபைலில் அந்த ஃபங்ஷனின் அறிவிப்போடு ஆட்ரிபியூட் ஃபோர்மட் சேர்த்து, பிரின்ட்எஃப் வகை, ஃபோர்மட் எத்தனையாவது இடம், மதிப்புகள் எத்தனையாவது இடத்தில் தொடங்குகின்றன என்று கொடுங்கள். மதிப்புகளை ஒரே கட்டாக, அதாவது விஏ_லிஸ்டாக, வாங்கும் ஃபங்ஷன் என்றால் கடைசி எண் 0. சி++ வகுப்புக்குள் இருக்கும் ஃபங்ஷன் என்றால் மறைந்திருக்கும் திஸ் என்ற மதிப்பு முதல் இடத்தை எடுத்துக்கொள்ளும், ஒன்று கூட்டி எண்ணுங்கள். இதில் நான் ஒருமுறை தடுக்கி விழுந்திருக்கிறேன்.

அடுத்து எச்சரிக்கைகளின் பேதம். டபிள்யூஃபோர்மட்-செக்யூரிட்டி, மதிப்பே இல்லாமல் மாறியை மட்டும் கொடுத்தால்தான் பேசும். ஒரே ஒரு மதிப்பு கூடவே போனாலும் மௌனம். டபிள்யூஃபோர்மட்-நொன்லிட்டரல், ஃபோர்மட் இடத்தில் மேற்கோளுக்குள் எழுதிய வாக்கியம் இல்லையென்றால், விஏ_லிஸ்ட் வாங்கும் ஃபங்ஷன்கள் தவிர மற்ற எல்லா இடத்திலும் கத்தும். டபிள்யூஃபோர்மட்=2 இரண்டையும் சேர்த்துத் தரும். சத்தம் அதிகம், பாதி வெறும் கூச்சல், ஆனால் ஒரு லைப்ரரியைத் தணிக்கை செய்யும் நாளில் அந்தக் கூச்சல் வேண்டும். லொக் லைப்ரரியின் ஹெடரில் ஒரு வரி ஆட்ரிபியூட் சேர்த்து பில்ட் பண்ணினேன். மூன்று இடத்தில் எச்சரிக்கை. ஒன்று நான் தேடிய இடம். மற்ற இரண்டும் நான் கனவிலும் நினைக்காதவை, ஒன்று ஃபைலின் பெயரை அச்சடிக்கும் இடம்.

அறிகுறி: ஆங்கிலத்தில் சரி, தமிழ் இடைமுகத்துக்கு மாறினால் விழுகிறது

இதை எழுதத்தான் எனக்கு அதிக ஆசை. நமக்கு இது அன்றாடம்.

ஆங்கில வாக்கியம் எடை முதலில், இடம் பிறகு என்று போகும்: %டி கிலோ, பிறகு இன்ன தோட்டத்திலிருந்து என்று %எஸ். தமிழில் அப்படிச் சொல்லமாட்டோம். "%எஸ் தோட்டத்திலிருந்து %டி கிலோ" என்றுதான் கை எழுதும். மொழிபெயர்ப்பாளர் அழகாக எழுதிவிட்டார். புரோகிராமோ மதிப்புகளைப் பழைய வரிசையிலேயே கொடுக்கிறது. முதலில் நிற்கும் %எஸ், 23 கிலோ என்ற எண்ணை முகவரியென எடுத்து, நினைவகத்தின் 23ஆம் இடத்துக்குப் போய் விழுகிறது. சிங்களத்திலும் சொல்வரிசை நம்மைப் போலத்தான், மும்மொழியில் ஓடும் எந்த இலங்கைப் புரோகிராமிலும் இது காத்திருக்கிறது.

திருத்தம்: வரிசை எண் கொடுப்பது. %2$எஸ் தோட்டத்திலிருந்து %1$டி கிலோ. ஒன்றுக்கு எண் கொடுத்தால் எல்லாவற்றுக்கும் கொடுங்கள், இடையில் எண்ணைத் தாண்டாதீர்கள். தாண்டினால் ஃபோர்ட்டிஃபை காவல் வேறொரு செய்தியோடு நிறுத்தும். மொழிபெயர்ப்புகளை வைக்கும் பிஓ ஃபைலில் அந்த வாக்கியத்துக்கு மேல் சி-ஃபோர்மட் கொடி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் எம்எஸ்ஜிஎஃப்எம்டி கட்டளையைச் சரிபார்ப்புத் தெரிவோடு ஓட்டினால் வகை மாறியவை எல்லாம் பல்லைக் காட்டும். வாக்கியத்துக்குள் வெறும் சதவீதக் குறி வேண்டுமென்றால் அங்கே %% என்று இரட்டிக்க வேண்டும், மொழிபெயர்ப்பாளர்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

மொழிபெயர்ப்பு ஃபைல் வெறும் சொற்பட்டியல் அல்ல, கட்டளைத் துண்டுகளின் கட்டு. 2000இல் யூனிக்ஸ்களில் மொழித் தெரிவைக் கவனிக்கும் லோகேல் அமைப்பிலேயே ஓட்டை வந்தது: பயனர் தன் சொந்தச் செய்தி ஃபைலைக் காட்டிவிட்டு, உயர் அதிகாரத்தில் ஓடும் புரோகிராமுக்குத் தன் ஃபோர்மட்டைப் புகட்ட முடிந்தது. சிவிஇ-2000-0844. முன்பின் தெரியாத ஆள் அனுப்பும் தமிழாக்கத்தையும் கோட் படிக்கிற கண்ணோடுதான் படிக்க வேண்டும்.

அறிகுறி: சி மொழியே இல்லை, ஆனாலும் விசித்திரம்

கோ மொழியில் %!என்(மிஸ்ஸிங்) என்று அச்சானால் அதே தவறு, ஆனால் நினைவகம் பத்திரம். கோ 1.24இலிருந்து வெட் கருவியே இதைச் சொல்லித்தரும். ரஸ்ட்டில் ஃபோர்மட் இடத்தில் மாறி வைத்தால் பில்டே ஆகாது. பைத்தனில்தான் ஆபத்து வேறு உருவில்: பயனரின் வாக்கியத்தை டொட் ஃபோர்மட் போட்டு ஓட்டினால், நெளிவு அடைப்புக்குள் புள்ளி வைத்துப் பொருளின் உள்ளுறுப்புகளை ஒவ்வொன்றாகத் தோண்டலாம். எதுவும் விழாது, லொக்கில் ரகசியச் சாவி மட்டும் வரும். பைத்தனின் வார்ப்புரு லைப்ரரியான ஜிஞ்ஜா2வில் சாண்ட்பொக்ஸ் என்ற காவல் வேலியே இதனால் மீறப்பட்டு 2.8.1இல் அடைக்கப்பட்டது. ஜாவா லொக் லைப்ரரி ஒன்றில் 2021 டிசம்பரில் வெளிவந்த லொக்4ஷெல் ஓட்டையும் ஒன்றுவிட்ட சகோதரன்: லொக் எழுத வந்த சொல்லையே கட்டளையாக எடுத்துக்கொண்டது.

அறிகுறி: ஐஃபோனில் வைஃபை ஓன் ஆகவே மாட்டேன் என்கிறது

%பி%எஸ்%எஸ்%எஸ்%எஸ்%என் என்ற பெயருள்ள வைஃபையில் சேர்ந்தீர்களா? 2021 ஜூனில் வெளிவந்த கூத்து அது. நெட்வேர்க் செட்டிங்ஸை ரீசெட் பண்ணினால் சரியாகும், ஐஓஎஸ் 14.7இல் திருத்திவிட்டார்கள்.

திருத்தும்போது

எல்லோருக்கும் முதலில் வரும் யோசனை, % குறியைப் பெட்டியில் தட்டவிடாமல் தடுப்பது. எங்கள் நிலையத்திலும் அதைத்தான் கேட்டார்கள். "தம்பி இனி வீதம்னு எழுதட்டுமே." நான் ஒத்துக்கொள்ளவில்லை. கழிவு வீதம் எழுதுவது அவர் தொழில், % அவருடைய எழுத்து. தவறு செய்த கோட்டை விட்டுவிட்டு அவர் விரலைக் கட்டுவது நியாயமில்லை. அதோடு அடுத்த வாரம் வேறொரு வாசலால், ஃபைலின் பெயராலோ தராசு அனுப்பும் வரியாலோ, % உள்ளே வரும். %ஐ %% என்று இரட்டித்து உள்ளே விடுவதும் வேண்டாம். ஒரு வடிப்புக்குச் சரியாகும், இரண்டு வடிப்புக்கு உடையும், ஒன்றும் வடிக்காத இடத்தில் லொக்கில் இரண்டு குறி நிற்கும். கடைசியாக ஃபோர்மட்டாக எடுக்கும் அந்த ஓர் இடத்தில் "%எஸ்" போடுங்கள். கூடவே குறிப்பில் %எஸ்%என்%பி கொடுத்து அதே எழுத்துகள் திரும்பி வருகின்றனவா என்று பார்க்கும் ஒரு டெஸ்ட்டையும் சேர்த்துவிடுங்கள், ஆங்கில எழுத்தில்.

ஓட்டை லைப்ரரியில் என்றால் பொது இடத்தில் போட்டு உடைக்காதீர்கள். ரிப்போசிட்டரியில் செக்யூரிட்டி என்ற ஃபைல் இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் பராமரிப்பவருக்குத் தனியாக எழுதுங்கள். பதில் வராவிட்டால் இலங்கை சேர்ட் என்ற கணினிப் பாதுகாப்பு அமைப்பு இருக்கிறது. நான் அனுப்பியது ஆறு வரிப் பட்ச், ஹெடரில் ஆட்ரிபியூட்டும் மூன்று இடத் திருத்தமும் டெஸ்ட்டும். இன்னொன்று: %பி சோதனையை உங்கள் மெஷினில் மட்டும். பக்கத்து நிலையத்தின் மிசினிலோ ஏதாவது அலுவலக இணையதளத்திலோ விளையாட்டாகத் தட்டிப் பார்த்தால் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் அதை விளையாட்டாக எடுக்காது.

புதிய பில்டைப் போட்டுவிட்டு வந்த மறுநாளும் மழை. பின்னேரம் கோல் வந்தது.

"அண்ணே, நனைவுன்னு போட்டேன், நிக்கல. முற்றல்னு போட்டா முற்றல்னே வருது."

"சந்தோசம் தம்பி."

"ஆனா கூடையே வைக்காம தராசு நானூறு கிராம் காட்டுதண்ணே."

போய்த் திறந்து பார்த்தேன். எடையை உணரும் லோட்செல்லின் வயர் சேரும் பெட்டிக்குள் தண்ணீர்.